டைகருக்கு எப்போது விடைகொடுப்பது? நோயுற்ற நாயின் கடைசிக் காலம் குறித்து ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நாய் டைகருக்கு 14 வயது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பின்னங்கால்களில் மூட்டுத் தேய்மானமும் இருக்கிறது. சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. இதற்கு மேல் துன்பப்படவிடக் கூடாது, ஊசி போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். புரட்டாசி பிறக்கப் போகிறது, விரத மாதத்தில் ஓர் உயிரை எடுப்பதா, தானாகப் போகும்போது போகட்டும் என்கிறார் அம்மா. எப்போது, எப்படி, இது பாவமா என்பவை உங்கள் கேள்விகள். டர்பனில் நெடுங்காலமாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருபவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

சரியான நாள் என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலான குடும்பங்கள் தவிக்கின்றன. ஒரு நாள் முந்தினால் துரோகம், ஒரு நாள் பிந்தினால் கொடுமை என்று மனம் கிடந்து அல்லாடுகிறது. நான் பார்த்த வரையில் அப்படி ஒரு நாள் கிடையாது. ஒரு காலப்பகுதிதான் உண்டு. நோய் இனிக் குணமாகாது என்பது உறுதியாகி, வலியையும் குமட்டலையும் மருந்தால் முழுவதும் அடக்க முடியாமல் போகும்போது அது தொடங்குகிறது. உடல் ஒரேயடியாக நிலைகுலையும்போது முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எந்த நாளில் விடைகொடுத்தாலும் நீங்கள் பிழை செய்தவராக மாட்டீர்கள். சில விலங்குகளுக்கு அது மாதக்கணக்கில் நீள்கிறது. சிலவற்றுக்கு ஒரு வாரம்கூட இருப்பதில்லை. அதன் முடிவெல்லை எங்கே என்பது தாண்டிய பிறகுதான் தெரியும் என்பதால், கடைசி நாள்வரை காத்திருக்காமல் நடுவிலேயே முடிவெடுத்துவிடுங்கள் என்றே நான் எப்போதும் சொல்லி வருகிறேன். எல்லையைத் தாண்டிய பிறகு நாளைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில், மூச்சுத் திணறும் நாயைப் போர்வையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத அவசர மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த நாயின் கடைசி மணி நேரம் அச்சத்திலேயே கழியும்.

முடிவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், வந்திருப்பது எது என்று உறுதிப்படுத்திக்கொள்வது முதல் கடமை. செத்துப்போகும் நிலையில் இருப்பதுபோல் தோன்றும் நாய்கள் எல்லாம் சாகும் நிலையில் இல்லை. உண்ணிக் கடியால் வரும் பிலியரி காய்ச்சல் நம் ஊரில் சர்வ சாதாரணம். ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, எழுந்து நிற்கவும் முடியாமல் கிடக்கும் நாய் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். வயதான நாய்களுக்குத் திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி இங்குமங்கும் துடித்து, நடக்க முயன்றால் உருண்டு விழும் ஒரு நோய் வருவதுண்டு. பக்கவாதம் என்று நினைத்து அன்றைக்கே ஊசி போடச் சொல்லிக் கண்ணீரோடு வருகிறார்கள். உள்காதின் சமநிலை உறுப்பில் ஏற்படும் கோளாறு அது. பெரும்பாலும் மூன்று நாள்களில் தெளியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் நாய் நடமாடத் தொடங்கிவிடும். சாப்பிட மறுப்பதற்குச் சொத்தைப் பல் ஒன்றே காரணமாக இருந்ததையும் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே டைகருக்குக் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை பழையதாக இருந்தால், மீண்டும் ஒருமுறை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம், வாய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீரக நோயை நாங்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியாட்டினின் இரத்தத்தில் இருக்கும் அளவு லிட்டருக்கு 440 மைக்ரோமோலைத் தாண்டினால் அது நான்காம் நிலை. டைகர் எந்த நிலையில் இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். இரண்டாம் நிலையில் இருக்கும் நாய்க்கு உணவை மாற்றியும் மருந்து கொடுத்தும் நல்ல காலத்தை நீட்டித் தர முடியும். நான்காம் நிலையிலும் குமட்டலுக்கு மாரோபிடன்ட், பசியைத் தூண்ட மிர்டாசபின், தோலுக்கடியில் ஏற்றும் நீர் ஆகியவற்றால் கொஞ்ச நாள்களை வாங்க முடியும். ஆனால் கெட்டுப்போன சிறுநீரகத் திசுவைத் திரும்பக் கொண்டுவர எதனாலும் முடியாது. மூட்டு வலிக்கு வீட்டில் இருக்கும் இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் அவை அழித்துவிடும். பூனை வளர்ப்பவர்கள் பாராசிட்டமாலைத் தொடவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

தானாகப் போகட்டும் என்று அம்மா சொல்வதில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. இரவில் படுத்தது காலையில் எழவில்லை என்பதுபோன்ற அமைதியான மரணத்தைத்தான் அவர் மனத்தில் நினைத்திருப்பார். இதய நோயில் அப்படி நடப்பதுண்டு. சிறுநீரக நோயில் மிக அரிது. கழிவுகள் இரத்தத்தில் தேங்கத் தேங்க வாயில் புண் வரும், நாக்கின் ஓரம் கறுத்து அழுகும், வெறும் வயிற்றோடு ஓங்கரித்துக்கொண்டே இருக்கும், தசைகள் துடிக்கும், சிலவற்றுக்கு வலிப்பு வரும். இது பல நாள்கள் இழுக்கும். இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு அவர் எடுக்கும் முடிவு எதுவானாலும் அதற்கு மதிப்புண்டு.

வலியை நாய் நம்மைப்போல் சொல்லாது. கத்தவில்லை, ஆகவே வலியில்லை என்று நினைப்பது தவறு. நாள்பட்ட வலி உள்ள நாய் அமைதியாகிவிடும். படுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றும். இரவில் உறங்காமல் நடக்கும். தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குளிரான நேரத்திலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். உங்கள் பகுதியில் பல வீடுகள் சரிவில் கட்டப்பட்டவை. வாசலிலிருந்து தெருவுக்குப் படி இறங்கியே ஆக வேண்டும். அந்தப் படிகளே நல்ல அளவுகோல். முன்பு துள்ளி இறங்கிய நாய், பிறகு ஒவ்வொரு படியாக இறங்கும். பிறகு மேற்படியிலேயே நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு வாசலுக்கே வராது. கேட் திறக்கும் சத்தம் கேட்டும் தலையைத் தூக்காமல் வாலை மட்டும் ஒருமுறை அசைத்துவிட்டுப் படுத்திருந்தால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுமுறை உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்னும் ஏழு கூறுகளுக்கும் தலா 10 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை இன்னும் தாங்கத்தக்கதாக இருக்கிறது என்று பொருள். வலி என்பதில் மூச்சுத் திணறலையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். எண்ணை அப்படியே நம்பி முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை. 36 என்றால் வாழலாம், 34 என்றால் கூடாது என்பதில் நியாயமில்லை. ஆனால் நீங்கள், அம்மா, அண்ணன் மூவரும் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஞாயிற்றுக்கிழமையன்று ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பகலெல்லாம் உடனிருக்கும் அம்மாவுக்குத் தெரிவதும், மாலையில் மட்டும் பார்க்கும் அண்ணனுக்குத் தெரிவதும் வேறு வேறாக இருக்கும். அதனுடன் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு குறி இடுங்கள்: இன்று டைகருக்கு நல்ல நாளா, இல்லையா. நேற்று ஒரு வாய் கோழிச்சாறு குடித்தது என்பதிலேயே நம்பிக்கை பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நான்கு நாள்களை மனம் மறந்துவிடும். நாள்காட்டி மறப்பதில்லை.

சிகிச்சையே துன்பமாகிவிடும் தருணம் ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மெர்பேங்கில் ஓர் ஆயா, சிறுநீரகம் கெட்ட தம் பூனைக்கு நாள்தோறும் தோலுக்கடியில் நீர் ஏற்றி வந்தார். திரைச்சீலைக் கம்பியில் பையைத் தொங்கவிட்டு, நீர் குளிராக இருக்கக் கூடாதென்று பையை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, மடியில் துண்டு விரித்து அத்தனை பக்குவமாகச் செய்வார். முதல் மாதங்களில் பூனை மடியிலேயே உறங்கியது. பிறகு கம்பியில் பை மாட்டும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அதன் பிறகு ஆயா வெறுங்கையோடு வந்தாலும் ஒளிந்துகொண்டது. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், அது நோய்க்குப் பயப்படுதா, எனக்குப் பயப்படுதா?" அன்றைக்கு நாங்கள் சிகிச்சையை நிறுத்தினோம். நீர் ஏற்றாத நாள்களில் பூனை திரும்ப அவர் மடிக்கு வந்தது. அதன் உடல் தளரத் தொடங்கியபோது, அதே மடியில் வைத்து ஊசி போட்டேன். டைகருக்கு மருந்து கொடுப்பது வீட்டில் நாள்தோறும் ஒரு மல்லுக்கட்டாக ஆகிவிட்டதென்றால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் நாள் பார்க்கவோ, குடும்பமாகக் கூடிப் பேசவோ நேரமில்லை. உறங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள்; 30-ஐ மீறி ஏறிக்கொண்டே போனால் நுரையீரலிலோ இதயத்திலோ சிக்கல் இருக்கிறது. வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சுவிடுவது, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, நிற்காத வலிப்பு, ஈறு திடீரென்று வெள்ளைவெளேரென்று ஆவது, ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் இருப்பது ஆகியவை உடனே கொண்டுபோக வேண்டியவை.

இனிப் பாவம் பற்றி. கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட மரபில் வந்த அம்மாவின் தயக்கத்தை நான் அறியாமை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். இதே கேள்வி காந்திக்கும் வந்தது. 1904-இல் நம் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பை நிறுவிய அவர், 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றின் முன்னால் நின்றார். மருத்துவர் கைவிட்டுவிட்டார், புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, ஊசி மூலம் அதன் உயிரை முடிக்கச் செய்தார். எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. தன்னலமோ சினமோ இன்றி, வேறு எந்த வழியிலும் தீர்க்க முடியாத வேதனையிலிருந்து ஓர் உயிரை விடுவிப்பது அகிம்சைக்கு மாறானதல்ல என்னும் தம் நிலையை அவர் தம் இதழில் வெளிப்படையாக எழுதினார். அதை ஏற்காத பக்திமான்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அவர் பக்கம். நம் தென்னாப்பிரிக்க நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை: 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், உயிரை நீட்டிப்பதே கொடுமையாகிவிடும் அளவுக்கு நோயுற்ற விலங்கின் துன்பத்தை முடிக்காமல் விடுவதை உரிமையாளரின் குற்றமாகவே வைத்திருக்கிறது.

புரட்டாசியைப் பொறுத்தவரை என் எண்ணம் இது. விரதம் இருப்பது நாம். அந்த மாதத்து வேதனையைச் சுமப்பது டைகர். விடைகொடுக்க ஏற்றது என்று முன்னே சொன்ன காலப்பகுதி அந்த மாதத்தைத் தாண்டி நீளும் என்று மருத்துவர் சொன்னால், அம்மாவின் மன நிறைவுக்காகத் தாராளமாகக் காத்திருங்கள். நீளாது என்றால், புரட்டாசி பிறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், அல்லது மாதத்துக்குள்ளேயே செய்யுங்கள். புரட்டாசி முடிந்ததும் தீபாவளி வரும், பட்டாசுச் சத்தத்தில் நலமாக இருக்கும் நாயே கட்டிலுக்கடியில் நடுங்கும். பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறையும், டர்பனின் ஜனவரிப் புழுக்கமும் வரும். தள்ளிப்போடக் காரணம் ஏதாவது எப்போதும் இருக்கத்தான் செய்யும்.

எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே கையெழுத்திட்டு, பணத்தையும் முதலிலேயே கட்டிவிடுங்கள். முடிந்த பிறகு கண்ணீரோடு கவுண்ட்டரில் நிற்க வேண்டியிருக்காது. பெரும்பாலும் முதலில் ஒரு மயக்க ஊசி போடுவோம். கால் மணி நேரத்துக்குள் நாய் தலையைச் சாய்த்து ஆழ்ந்து உறங்கிவிடும். நீங்கள் சொல்ல வேண்டியவற்றை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு முன்னங்காலில் சிறிது மயிரை மழித்து, இரத்தக் குழாயில் பென்டோபார்பிட்டோன் என்னும் மருந்தைச் செலுத்துவோம். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட மருந்து வகைதான் அது, அளவு மட்டும் மிக அதிகம். முதலில் மூளை உணர்விழக்கும், பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். உணர்வு போக விநாடிகள்தான் ஆகும். இதயம் நிற்க ஓரிரு நிமிடங்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்வார். கண் மூடாது. சிறுநீரோ மலமோ வெளியேறலாம், தசை துடிக்கலாம், சில நேரங்களில் பெருமூச்சுபோல் ஒன்றிரண்டு வரும். உயிர் போன பிறகு உடல் செய்யும் அசைவுகள் அவை. அந்த வேளையில் டைகருக்கு எதுவும் தெரியாது. முன்கூட்டியே சொல்லாமல் விட்டுவிட்டால், அந்த ஒரு பெருமூச்சையே நினைத்துப் பல ஆண்டுகள் வருந்துகிறவர்கள் உண்டு.

வீட்டுக்கே வந்து செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். காரில் ஏறவே வலிக்கும் நாய்க்கு அது பெரிய நிம்மதி. உடன் இருக்க முடியாதவர்கள் வெளியே இருக்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வீட்டார் ஒருவராவது தலைமாட்டில் இருந்தால் நல்லது, ஏனெனில் மயக்கம் வரும்வரை நாய் உங்களைத்தான் தேடும். சிறு பிள்ளைகள் இருந்தால், பண்ணைக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொல்லாதீர்கள். நோய் முற்றிவிட்டது, மருத்துவராலும் குணப்படுத்த முடியவில்லை, வலியில்லாமல் இறக்க உதவினோம் என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகூட ஏற்றுக்கொள்ளும். வீட்டில் வேறு நாய் இருந்தால், அதை வந்து உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள்.

உடலைக் குறித்து ஓர் எச்சரிக்கை. செலுத்திய மருந்து உடலில் நெடுநாள் தங்கியிருக்கும். தோண்டித் தின்னும் நாயோ கழுகோ அதனால் இறந்துபோகும். தோட்டத்தில் புதைக்க நகராட்சி விதி இடம்கொடுத்தால், ஒரு மீட்டருக்குக் குறையாமல் தோண்டி, மழையில் மண் அரிக்காத இடமாகப் பார்த்து, மேலே கல் பாவி மூடுங்கள். எரியூட்டுவதாக இருந்தால், தனியாக எரித்துச் சாம்பல் தருவதா, மற்றவற்றோடு சேர்த்தா என்று முன்பே கேட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்ற முடியாது. சாம்பலை உம்கேனி முகத்துவாரத்தில் கரைத்துவிட்டு, பதினாறாம் நாள் விளக்கேற்றும் குடும்பங்களையும் நான் அறிவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், குணம் திடீரென்று மாறிய விலங்கு என்றால், அல்லது அண்மையில் யாரையாவது கடித்திருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மூளையைச் சோதிக்க வேண்டியிருக்கும். புதைத்துவிட்டால் கடிபட்டவரின் உயிருக்கே ஆபத்து.

பணமில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கையில் பணமில்லாததால் சிகிச்சையை நிறுத்துவது அன்பில்லாமை ஆகாது. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அருகிலுள்ள எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்குவதைத் தடுப்புச் சங்க நிலையத்தை அணுகலாம், இதை முறையாகச் செய்வது அவர்கள் பணிகளில் ஒன்று. தாமாக மாத்திரை கொடுத்து முடித்துவிட மட்டும் யாரும் முயலக் கூடாது, அது மிகக் கொடிய சாவு.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை: நோய் எந்த நிலை என்று மருத்துவரிடம் கேளுங்கள். குமட்டல் மருந்தும், சிறுநீரகத்தைப் பாதிக்காத வலி மருந்தும் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். அந்த வாரத்தில் டைகர் தானாக எழுந்து வந்து தட்டில் வாய் வைத்தால் இன்னும் காலம் இருக்கிறது. புரட்டாசி பற்றிய பேச்சை அப்போது அம்மாவோடு நிதானமாகப் பேசலாம். மருந்து கொடுத்தும் இரண்டு நாள் தொடர்ந்து எதையும் தொடாமல் இருந்தாலோ, எழுப்பிவிட்டாலும் நிற்க முடியாமல் தன் சிறுநீரிலேயே படுத்துக் கிடந்தாலோ, அடுத்த வேலை நாளில் நேரம் கேட்டுவிடுங்கள். காலையில் முதல் ஆளாகவோ மாலையில் கடைசி ஆளாகவோ வரச் சொன்னால் காத்திருப்பு அறையில் கூட்டம் இருக்காது. அதன் பழைய போர்வையைக் கொண்டு வாருங்கள். இரவு நேர அவசர மருத்துவமனையின் எண்ணை அண்ணனின் கைபேசியிலும் உங்களுடையதிலும் இன்றே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.